ஹேண்டில் போடுமுன் ரெண்டு கட்டிங்

புனேயில் அம்ருததுல்யக் கடைகளில் டீ என்பது வெறும் டீ அல்ல. பளபளக்கும் பித்தளைப் பாத்திரம், கண்ணெதிரே இடித்துப் போடும் இஞ்சியும் ஏலக்காயும், கொஞ்சம் தூக்கலான சர்க்கரை. ராஸ்தா பேட்டுக்குக் குடிவந்த புதிதில் எனக்குத் தெரிந்த மராத்தி மொத்தமே "தோன் கட்டிங்"தான். இரண்டு அரை கிளாஸ் டீ. இத்தனை வருஷத்தில் மொழி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே இரண்டு சொற்களே போதுமானவையாக இருக்கின்றன.

போன ஞாயிறு எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டுத் தம்பி. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆறு மாசத்துக்கு முன்னால் யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார்: அறுபதுகளில் செய்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்றை வாங்கினார். 6 வோல்ட் வண்டி. குளிர் வரும்வரை ஒழுங்காக ஓடியது. ஜனவரிக் காலையில் புனேயின் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் 'கர்ர்...' என்று ஒரு முனகல், அப்புறம் மௌனம்.

"சார், பழைய அம்பாசடர்ல முன்னாடி ஒரு கம்பியை விட்டுச் சுத்துவாங்கல்ல? அந்த மாதிரி ஹேண்டில் ஒண்ணு இதுக்கும் வச்சுடலாமா?"

"வைக்கலாம் தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும். சுத்துறது பெரிசில்ல. விடுறதுதான் பெரிசு."

அவருக்குப் புரியவில்லை. எதிர்ப்புறம் நின்ற ஆட்டோவைக் காட்டினேன்.

பழைய பஜாஜ் ஆட்டோ. நம் ஊரிலும் ஓடியதுதான். பிறந்த இடம் இங்கே பக்கத்தில் ஆகுர்டி. டிரைவர் உட்கார்ந்தபடியே குனிந்து, தரையோடு கிடக்கும் நீளமான லிவரை ஒரு கையால் சரக்கென்று மேலே இழுக்கிறார். லிவரிலிருந்து ஒரு கேபிள் பின்னால் இருக்கும் எஞ்சினுக்குப் போகிறது. அங்கே ஸ்கூட்டர் கிக்கரில் இருப்பது போன்ற பல்சக்கரம். இழுக்கும்போது பல் பிடிக்கும், எஞ்சின் சுற்றும். எஞ்சின் தானாக ஓட ஆரம்பித்த கணத்தில் பல் வழுக்கி விலகிவிடும். லிவரை ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். எஞ்சினின் வேகம் டிரைவரின் கைக்கு வருவதே இல்லை.

யோசித்துப் பார்த்தால் அந்த ஆட்டோவும் பீட்டிலும் ஒன்றுவிட்ட சொந்தம். இரண்டுக்கும் எஞ்சின் பின்னால். இரண்டுக்கும் ரேடியேட்டர் கிடையாது. விசிறி அடிக்கும் காற்றில் குளிர்பவை. இதைச் சொன்னதும் தம்பிக்கு முகம் கொஞ்சம் வாடியது. பீட்டில்காரருக்கு ஆட்டோ உவமை பிடிக்காது போலிருக்கிறது.

இன்னொரு சொந்தக்காரரும் இதே ஊரில்தான் இருக்கிறார். 1946-இல் கட்கியில் தொடங்கியது கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ். தமிழ்நாட்டுக் கிணற்றடிகளில் 'ஆயில் எஞ்சின்' என்று நாம் சொல்லிவந்தது பெரும்பாலும் இந்த மாதிரி ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினைத்தான். அவர்களுடைய டிஏஎஃப்-1 என்ற மாடல் காற்றில் குளிர்வது. 661 சிசி, நிமிடத்துக்கு 1500 சுற்று வேகம். நம் எஞ்சினீயரிங் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் மாணவர்கள் புன்னை எண்ணெயையும் ஆமணக்கு எண்ணெயையும் ஊற்றிச் சோதித்துப் பார்க்கும் எஞ்சின் அதுவாகத்தான் இருக்கும். அதன் கம்ப்ரெஷன் விகிதம் 17.5. அதாவது உள்ளே வந்த காற்றைப் பதினேழில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்குகிறது. எந்தப் பயில்வானாலும் அதை நேரடியாகச் சுற்ற முடியாது. ஆனாலும் எங்கள் ஊரில் ஒல்லிப் பண்ணையாள் ஒருவர் தினமும் காலையில் இப்படி ஒரு எஞ்சினைச் சுற்றி ஓட்டினார்.

ரகசியம் எஞ்சின் தலையில் இருந்த சின்ன லிவர். டீகம்ப்ரெஷன் லிவர் என்று பெயர். அதைத் தூக்கிவிட்டால் ஒரு வால்வு திறந்தபடியே நிற்கும். காற்று நசுங்காமல் வெளியே ஓடிவிடும். அப்போது ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும், கனத்த ஃப்ளைவீல் வேகம் பிடிக்கும். போதுமான வேகம் வந்ததும் லிவரைத் தட்டிவிடுவார். அந்தச் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம்தான் கம்ப்ரெஷனைத் தாண்டிப் போகும். மனிதக் கை அல்ல. 'டுப்... டுப்... டுப்' என்று பிடித்துக்கொண்டதும் ஹேண்டில் தானாகக் கழன்று கைக்கு வந்துவிடும். அப்போது அவர் முகத்தில் வரும் அந்த அலட்சியமான சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

"பீட்டில்ல அந்த லிவர் இருக்கா சார்?"

இல்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பீட்டில் எஞ்சினில் நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். 1200 மாடல் என்றால் 1192 சிசி. ஒரு சிலிண்டருக்கு 300 சிசிக்குச் சற்றுக் குறைவு. கம்ப்ரெஷன் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான், டீசலைப் போலப் பயங்கரம் இல்லை. ஆனால் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் ஒரு சிலிண்டர் கம்ப்ரெஷனுக்கு வரும். அதனால் கிணற்றடி மாதிரி தொடர்ந்து சுற்றி வேகம் ஏற்ற நினைத்தால் மூச்சுதான் வாங்கும். செய்ய வேண்டியது வேறு. மெதுவாகச் சுற்றி, கை தடுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே ஹேண்டில் கீழ்ப்பக்கம் இருக்கும்படி மாட்டிக்கொண்டு, ஒரே இழுப்பில் அரைச் சுற்று மேலே. அவ்வளவுதான். புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். திருவொற்றியூர் ஃபேக்டரியில் செய்த பழைய புல்லட்டில் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரெஷன் லிவரை அழுத்தி, கிக்கரை ஒரு நூல் இறக்கி வைத்துவிட்டுத்தான் உதைப்பார்கள். அவசரப்பட்டு உதைத்தவர்களுக்கு அது 'ரிட்டன்' அடித்துப் பாடம் சொல்லியிருக்கும்.

அந்த ரிட்டன்தான் நான் சொல்ல வந்தது.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னாலேயே விழும். பழைய பீட்டில்களில் மாடலைப் பொறுத்து 7.5 அல்லது 10 டிகிரி முன்னால். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அந்தச் சில டிகிரி கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். கையால் தயங்கித் தயங்கிச் சுற்றும்போது அப்படியில்லை. உச்சிக்கு வருமுன்பே உள்ளே நெருப்புப் பற்றி, பிஸ்டனை வந்த வழியே திருப்பி அடித்துவிடும். ஹேண்டில் எதிர்த்திசையில் சுழலும். நூறு வருஷத்துக்கு முன்னால் கார் ஓட்டிகளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவது அவ்வளவு சகஜம். எலும்பு மருத்துவத்தில் இன்றும் ஒரு வகை முறிவுக்கு 'ஷோஃபர் ஃபிராக்சர்' என்றே பெயர். சார்ல்ஸ் கெட்டரிங் செய்த எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை மெல்ல ஒழிந்தது.

"நீங்கதான் எஞ்சின் ஓடினா ஹேண்டில் தானா கழன்டுரும்னு சொன்னீங்களே?"

நல்ல கேள்வி. டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு மேஜையில் விரலால் வரைந்து காட்டினேன். கிராங்க்ஷாஃப்ட் முனையில் இருக்கும் போல்ட்டின் தலையில் பற்கள் வெட்டியிருக்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. ஹேண்டில் செங்குத்துப் பக்கத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. எஞ்சின் நம்மைவிட வேகமாக முன்னால் ஓடினால் சரிவு ஹேண்டிலை வெளியே உந்திவிடும். ஆனால் எஞ்சின் பின்னால் திரும்பினால்? அதே செங்குத்துப் பக்கம்தான் ஹேண்டிலைப் பிடித்து நம் கையை அடிக்கும். சரிவுக்கு அங்கே வேலையே இல்லை. ஓடும் எஞ்சினிடமிருந்து பல் காப்பாற்றும். திருப்பி அடிக்கும் எஞ்சினிடமிருந்து கை பிடிக்கும் விதம்தான் காப்பாற்றும்.

ஆகவே கட்டை விரலைக் கம்பியைச் சுற்றி மடக்கக் கூடாது. மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கொக்கி மாதிரி பிடிக்க வேண்டும். எப்போதும் மேல்நோக்கி இழுக்க வேண்டும். ஒருபோதும் உடல் பாரத்தைப் போட்டுக் கீழே அழுத்தக் கூடாது. மேலே இழுக்கும்போது ரிட்டன் அடித்தால் கம்பி விரல்களை விரித்துக்கொண்டு கீழே போய்விடும். கீழே அழுத்தும்போது அடித்தால் கை கம்பியோடு மேலே போகும், தோளும் சேர்ந்து போகும். பின்னாலிருந்து பார்த்தால் பீட்டில் எஞ்சின் கடிகார முள்போலச் சுற்றுகிறது. அதனால் மேலே இழுப்பது இடப்பக்கம்; இடக்கைதான் வசதி. ஸ்டார்ட் செய்யும் நாளில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி வைத்தால் இன்னும் நிம்மதி.

இரண்டாவது கட்டிங் வந்தது. இதுவரை சொன்னது கையைப் பற்றி. இனி பேட்டரி.

பேட்டரி சுத்தமாகச் செத்துப்போனால் ஹேண்டில் உதவாது. பலருக்கு இது தெரிவதில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவில் மேக்னட் இருக்கிறது. சுற்றினாலே ஸ்பார்க் வரும், பேட்டரி தேவையில்லை. டீசலுக்கு ஸ்பார்க்கே வேண்டாம். பீட்டிலில் காயில் இருக்கிறது, அதற்கு பேட்டரியிலிருந்து கரண்ட் வந்தாக வேண்டும். கையால் சுற்றும் வேகத்தில் டைனமோ ஒன்றும் தராது. ஆனால் பேட்டரி சாகாமல் சோர்ந்து மட்டும் இருந்தால் ஹேண்டில் அபாரமாக வேலை செய்யும். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் வோல்ட் சரிந்து, காயிலுக்குப் போக வேண்டிய கரண்டும் போகாது. காயிலுக்கு வேண்டியதோ மூன்று நான்கு ஆம்பியர். சுற்றும் வேலையைக் கை எடுத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் உயிரெல்லாம் ஸ்பார்க்குக்குப் போய்விடும். 6 வோல்ட் வண்டியில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். ஒரே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இரு மடங்கு கரண்ட் பாய்வதால், கறைபிடித்த ஓர் எர்த் கேபிள் போதும், மோட்டாரை முடக்கிவிட.

இனி வேலை. பீட்டிலுக்கு ஹேண்டில் புதிதும் அல்ல. போர்க்காலத்தில் அதே எஞ்சினை வைத்துச் செய்த க்யூபல்வாகன் ராணுவ வண்டியைப் பின்னாலிருந்து ஹேண்டில் விட்டுச் சுற்றினார்கள். பிரான்ஸில் 1948-இல் வந்த சித்ரோவென் 2சிவி இன்னும் அழகு: அதுவும் காற்றில் குளிர்வது, எஞ்சின் முன்னால், சக்கர நட்டைக் கழற்றும் அதே கம்பியை முன் கிரில் வழியாக விசிறியின் நடுவில் விட்டுச் சுற்றலாம். ஒரு கம்பிக்கு இரண்டு வேலை. எனக்கு இந்தச் சிக்கனம் ரொம்பப் பிடிக்கும்.

நம் தம்பியின் வண்டிக்கு ஹேண்டிலைத் தவிர வேண்டியவை மூன்று. புல்லியின் நடுவில் இருக்கும் 30 மி.மீ. தலை போல்ட்டுக்குப் பதில், பல் வெட்டிய போல்ட். மங்கள்வார் பேட் ஜூனா பஜாரில் கிடைக்கும் அம்பாசடர் ஹேண்டிலைக் கொண்டுவந்து ஒட்டவைக்கப் பார்க்காமல், போசரியில் நல்ல லேத்காரரிடம் கழற்றிய போல்ட்டையே கொடுத்து, மரையை அளந்து, ஈஎன்-24 மாதிரி கெட்டி இரும்பில் கடைந்து வாங்க வேண்டும். எஞ்சின் சுற்றும் திசையும் போல்ட்டை இறுக்கும் திசையும் ஒன்று என்பதால் சுற்றச் சுற்ற அது கழலாது. அடுத்தது, பின்பக்கத் தகட்டில் கிராங்க்ஷாஃப்டுக்கு நேராக ஒரு துளை. அந்தத் துளையில் ஒரு புஷ், கம்பி ஆடாமல் தாங்க. இந்தப் புஷ்ஷை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். நேர்கோடு தவறிய கம்பி பாதிப் பல்லை மட்டும் பிடிக்கும், பாதியில் வழுக்கும், முகத்தைத் தேடி வரும். கைப்பிடியின் மடிப்பு ஒரு சாண் இருந்தால் போதும். கீழே சைலன்சர் இருக்கிறது என்பதை முழங்காலுக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

சுற்றுவதற்கு முன்னால் கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். முன்னால் எஞ்சின் உள்ள காரை கியரில் விட்டுச் சுற்றினால் அது நம் மேலேயே ஏறும். பீட்டிலில் நாம் பின்னால் நிற்பதால், மறந்துபோய் முதல் கியரில் இருந்தால் வண்டி நம்மை விட்டு ஓடிப்போகும். அதுவும் ஆனந்தமான காட்சி அல்ல.

"சாக்கன்ல இருக்கிற ஃபோக்ஸ்வேகன் ஃபேக்டரில கேட்டா ஏதாவது உதவி கிடைக்குமா சார்?" என்றார் எழுந்திருக்கும்போது. அது 2009-இல் திறந்தது. அங்கே வெளிவந்தது எல்லாம் தண்ணீரில் குளிரும் வண்டிகள். வேண்டாம் என்றேன்.

லேத்காரரிடம் போவதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் சொல்லி அனுப்பினேன். நான்கு பிளக்கில் மூன்றைக் கழற்றிவிட்டு, டைனமோ புல்லி நட்டில் 21 ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டராக மாற்றி மாற்றி. நான்கிலும் ஒரே மாதிரி கை தடுத்தால் ஹேண்டில் போடலாம். ஏதாவது ஒன்றில் தடுக்காமல் வழவழவென்று போனால், அந்த வண்டிக்கு வேண்டியது ஹேண்டில் இல்லை, பெரும்பாலும் வால்வு வேலை.