ஐந்தொகையில் வராத முதல்

ரமழான் நெருங்கும்போது கடையின் இருப்பை எண்ணி, வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் எழுதி, ஸகாத்துக்குக் கணக்குப் பார்ப்பது நம் வியாபாரிகள் பலரின் வழக்கம். நானும் அப்படித்தான் செய்து வருகிறேன். ஆனால் கணக்கை முடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு விடயம் மனதில் படுகிறது. இந்தக் கடை இன்றுவரை திறந்திருப்பதற்குக் காரணமான சில மனிதர்கள் ஐந்தொகையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. பணக் கணக்கில் அவர்களுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் தீர்ந்துவிட்டது. ஆயினும் நான் அவர்களுக்குக் கடன்பட்டவன். இவ்வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

கற்பிட்டிக்கு வந்து போனவர்களுக்கு எங்கள் மண் தெரியும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. இரண்டும் உப்புத் தண்ணீர். ஆனால் நடுவிலுள்ள மணலைச் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைகின்றன. கடலில் மீன், கரையில் கருவாடு, புத்தளத்தில் உப்பளம். தலவில புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாக் காலங்களில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் கத்தோலிக்க மக்கள் வருவார்கள். அந்த நாட்களில் எங்கள் கடைகளிலும் நல்ல வியாபாரம். இவையெல்லாம் தினமும் கண்முன்னே இருப்பதால் அருட்கொடை என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. தண்ணீர் இல்லாதவன் ஒருவன் வந்து நம் கிணற்றடியில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

1990 ஒக்டோபர் இறுதியில் அப்படித்தான் வந்தார்கள். வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஒக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவு மக்களில் பெருந்தொகையானோர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மழைக்காலம் வேறு. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிறைந்தன. வீட்டுத் திண்ணைகளிலும் ஆட்கள். பின்னர் தென்னந்தோட்டங்களிலும் வெறுங்காணிகளிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஆலங்குடா, பாலாவி, தில்லையடி என்று முகாம்கள் உண்டாயின.

அப்போது எனக்கு இருபது வயதளவில். படிப்பைப் பாடசாலையோடு முடித்துக்கொண்டு வாப்பாவின் கடையில் நின்றேன். கடனுக்குச் சாமான் கொடுப்பதென்றால் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்த ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும் என்பது கடைத்தெருவின் சட்டம். வந்தவர்களை யாருக்கும் தெரியாது. பொறுப்பு நிற்க வேண்டியவர்களும் அவர்களைப் போலவே எல்லாவற்றையும் இழந்து நின்றார்கள். வாப்பா ஒரு புதுக் கொப்பி எடுத்து, பெயரையும் ஊரையும் மட்டும் எழுதச் சொன்னார். “பொறுப்புக்கு யார் வாப்பா?” என்று கேட்டேன். “எழுது மகன், அதெல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்றார்.

அந்தக் கொப்பியால் நட்டம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. சிலருக்குக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. வாப்பா அவற்றை வெட்டிவிட்டார். ஆனால் பெரும்பாலானோர் கூலி கிடைத்த நாளில் ஐம்பது, நூறு என்று கொண்டுவந்து கட்டினார்கள். கட்டாதவர்களும் வெட்கத்தால் தெருவை மாற்றிப் போகவில்லை, வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். தொழிலில் நாணயம் என்பதை நான் படித்தது அந்தக் கொப்பியில்.

அவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள் என்று நாம் சொல்வோம். கைகளில் தொழில் இருந்தது. யாழ்ப்பாணத்தவர்களில் தையற்காரர்களும் இரும்பு வியாபாரிகளும் இருந்தார்கள். மன்னாரிலிருந்து கடற்றொழிலாளர்களும், முசலிப் பகுதியிலிருந்து வயல் தெரிந்தவர்களும் வந்தார்கள். புத்தளத்துக் கடைத்தெரு அதன் பிறகு வளர்ந்ததில் அவர்களுடைய உழைப்புக்குப் பெரும் பங்குண்டு.

முசலிப் பக்கத்து நானா ஒருவர் எங்கள் கடைக்குக் கருவாடு தரம் பிரிக்க வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடலும் வயலும் கண்ட குடும்பம். “சாக்கின் வாயில் இருப்பதைப் பார்த்து விலை பேசாதீங்க தம்பி, அடியில் கையை விட்டுப் பாருங்க” என்பார். ஈரம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, புறக்கோட்டைக்கு எதை அனுப்பலாம், எதை இங்கேயே விற்க வேண்டும் என்று எல்லாம் அவர்தான் சொல்லித் தந்தார். நாங்கள் அவருக்கு வேலை கொடுத்தோம் என்று ஊர் நினைத்தது. எனக்கு ஒரு தொழில் கிடைத்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

மதீனாவின் வரலாற்றை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, மதீனாவாசியான ஸஃது இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவர் பின்னர் பெரும் வணிகரானார். கொடுக்க முன்வந்தவரை நாம் புகழ்கிறோம். சந்தைக்கு வழி கேட்டவரின் தன்மானத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. வியாபாரிகளுக்கு இரண்டிலும் பாடம் இருக்கிறது.

எல்லாம் இனிப்பாகவே நடந்ததாக எழுதினால் அது உண்மையாகாது. மாதங்கள் வருடங்களாயின. கூலிக்கு ஆட்கள் கூடியதால் உள்ளூர்க் கூலியாட்களின் சம்பளம் குறைந்தது. கிணறு, வகுப்பறை, வைத்தியசாலை எல்லாவற்றிலும் நெருக்கம். நிவாரணம் அகதிக்கு உண்டு, பக்கத்துக் குடிசையில் இருக்கும் உள்ளூர் ஏழைக்கு இல்லை என்ற மனக்கசப்பும் நியாயமானதே. உலக வங்கியின் உதவியுடன் 2007 இல் ஆரம்பித்த வீடமைப்புத் திட்டத்தில் உள்ளூர் வறிய குடும்பங்களும் சேர்க்கப்பட்டது அதற்கு ஓரளவு மருந்தாக அமைந்தது. ஆயினும் ‘நாங்கள் இடம் கொடுத்தோம்’ என்ற வார்த்தை இன்றும் சில வாய்களில் வருகிறது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் கொடுத்ததன் நன்மையே போய்விடும் என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டும்போது, பெற்றுக்கொண்டதை நாமும் மறந்துபோகிறோம்.

2002 யுத்தநிறுத்தத்தின்போது சிலர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பின் பலர் மீளத் திரும்பினார்கள். காணிகள் காடாகிக் கிடந்தன. பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். சில குடும்பங்களில் தந்தை அங்கே, பிள்ளைகள் இங்கே. நானாவும் முசலிக்குப் போய்க் காட்டை வெட்டி வயல் செய்தார்.

2022 இல் நாடு பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. டீசலுக்கு நாள் கணக்கில் வரிசை. கருவாடு இல்லை, லொறி இல்லை, அரிசி விலை கேட்கவே பயம். எங்கள் கடையின் தட்டுகள் வெறுமையாயின. ஒருநாள் நானாவிடமிருந்து தொலைபேசி வந்தது. இந்தப் பக்கம் வரும் வாகனமொன்றில் சொந்த வயலின் அரிசி சில மூடைகள் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். விலை கேட்டேன். “விற்றுவிட்டு அனுப்புங்க தம்பி, அவசரமில்லை” என்றார். பொறுப்பு நிற்க யாரையும் அவர் கேட்கவில்லை. விற்று, பணத்தை அனுப்பிவிட்டேன். அந்தக் கணக்குத் தீர்ந்தது. அவர் எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வாசக சகோதரர்களே, நன்றி என்பது அல்ஹம்துலில்லாஹ் என்று நாவால் சொல்வதோடு முடிவதல்ல. எங்கள் கிணற்றுத் தண்ணீரையே பாருங்கள். அளவுக்கு மிஞ்சிய பசளையால் கற்பிட்டியின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதாக ஆய்வாளர்கள் பல காலமாக எச்சரித்து வருகிறார்கள். அருட்கொடையைப் பாழாக்கிவிட்டு அதற்கு நன்றி சொல்வதில் பொருளில்லை. நட்பும் அப்படித்தான், பேணினால்தான் நிற்கும்.

ஆகவே ஒரு சிறு யோசனை. இம்முறை கணக்குப் பார்க்கும்போது, கொப்பியின் கடைசிப் பக்கத்தில், உங்கள் தொழிலுக்குக் கைகொடுத்த மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். அவர்கள் எந்த ஊராக, எந்த மதமாக இருந்தாலும் சரி. அவர்களில் உயிரோடு இருப்பவருக்குத் தொலைபேசி எடுங்கள். மௌத்தானவரின் பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பாருங்கள். அந்தப் பக்கத்தை உங்கள் மகனுக்கும் மகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். 1990 இல் கொப்பி எழுதியவர்களும், அதில் பெயர் எழுதப்பட்டவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாம் சொல்லாவிட்டால், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போய்விடும்.