விழும் ஊசல் நின்றுவிடுமா?

இயற்பியல் ஆய்வகத்தில் நம் கைக்கு முதலில் வரும் கருவிகளுள் ஒன்று தனி ஊசல். ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு தாங்கி, அவ்வளவே. நூலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம்.

இச்சோதனைக்கு நம் நகரில் நீண்ட வரலாறு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகத்தில், கோல்டிங்காம் என்ற வானியலார் 1821இல் வினாடி ஊசலின் நீளத்தை அளந்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்ல ஒரு வினாடி எடுத்துக்கொள்ளும் ஊசல் அது. அதன் நீளம் இங்கே 39 அங்குலத்திற்குச் சற்றே மிகுதி. இலண்டனில் உள்ளதைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைவு. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது புவியீர்ப்பு முடுக்கம் குறைவதே காரணம். இலண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தை இங்கே கொண்டுவந்து மாட்டினால், நாளொன்றுக்கு 2 நிமிடம் பின்தங்கும்.

முடுக்கம் சிறிது குறைந்தாலே இப்படி என்றால், அது அறவே இல்லாமற் போனால்? தாங்கியோடு சேர்த்து ஊசலை உயரத்திலிருந்து விழவிட்டால் அந்நிலை உண்டாகிறது. புவியின் ஈர்ப்பு எங்கும் போய்விடுவதில்லை. குண்டும் தாங்கியும் ஒரே முடுக்கத்தோடு விழுவதால், தாங்கியிலிருந்து நோக்கும்போது குண்டைக் கீழே இழுப்பது ஏதுமில்லை. லிப்ட் ஒன்று புவியீர்ப்பு முடுக்கத்தில் முக்கால் பங்குடன் கீழிறங்கினால், அதனுள் அலைவு நேரம் இரு மடங்காகும். முழு முடுக்கத்துடன் விழுந்தால் அலைவு நேரம் முடிவிலி ஆகிவிடும்.

“அப்படியானால் ஊசல் நின்றுவிடும்” என்பதே நான் கேட்ட நண்பர்களுள் பெரும்பாலோர் தந்த விடை. இது பாதி உண்மையே. குண்டு அலைவின் கோடியில் இருக்கும்போது அதற்கு வேகமில்லை. அக்கணத்தில் விழவிட்டால், நூல் சாய்ந்தபடியே குண்டு அங்கேயே நின்றுவிடும். நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது விழவிட்டாலோ, அதன் வேகத்தைக் குறைக்க எவ்விசையும் இல்லை. நூல் அதை மையத்தை நோக்கி இழுக்க, குண்டு தாங்கியைச் சுற்றிச் சீரான வேகத்தில் வட்டமிடும். அலைந்த ஊசல் சுழலும் ஊசலாகிவிடுகிறது!

ஒரு கணக்கைப் பார்ப்போம். நூலின் நீளம் 25 சென்டிமீட்டர். 60 பாகை இழுத்துவிட்டுக் குண்டு அடிப்புள்ளியை அடையும்போது விழவிடுகிறோம். அப்போது அதன் வேகம் வினாடிக்கு 1.57 மீட்டர். வட்டத்தின் சுற்றளவும் 1.57 மீட்டர். ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு வினாடி ஆகும். 5 மீட்டர் விழுவதற்கும் ஏறத்தாழ ஒரு வினாடியே தேவை. இதில் இன்னொரு விந்தை: விழும்போது நூலில் உள்ள இழுவிசை, அசையாமல் தொங்கும் குண்டின் எடைக்குச் சரியாகச் சமம்.

கணக்கோடு நின்றுவிட மனமில்லாமல், நானும் நண்பர்கள் இருவரும் மரச்சட்டம் ஒன்றில் ஊசலைக் கட்டி, 3 மீட்டர் உயரத்திலிருந்து மணல்மேல் விழவிட்டோம். கைப்பேசியில் எடுத்த படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, குண்டு தாங்கியின் தலைக்குமேல் ஏறிக் கடந்ததைக் கண்டோம். அவ்வளவு தூரம் ஏற, தரையில் இருக்கும் ஊசலுக்கு அந்த வேகம் போதாது.

இவ்வகை வீழ்ச்சி வெறும் விளையாட்டன்று. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் எரிதல் ஆய்வுக்காக 2.5 வினாடி விழச்செய்யும் கோபுரம் ஒன்று இருக்கிறது. எடையற்ற அந்நிலையில், சூடான காற்று இலேசாகி மேலெழுவது நின்றுவிடுவதால், தீச்சுடர் நீண்டு எழாமல் உருண்டை வடிவை நாடும். நம் ஊசலை அங்கே விழவிட்டால் இரண்டரைச் சுற்று சுற்றும்.

விண்வெளி நிலையமும் புவியைச் சுற்றி ஓயாமல் விழுந்துகொண்டிருப்பதே. அங்கே ஊசல் கடிகாரம் பயன்படாது. சுருள்வில்லால் இயங்கும் கைக்கடிகாரம் தடையின்றி ஓடும். ஏன் என்பதை, அன்பர்களே, இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.