சாய்ந்த மரமா? கயிறில்லாம ஏறச் சொல்லாதீங்க!

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது நினைவிருக்கும். மழைக்கு முன்பே உங்கள் வீட்டு மரத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்க. தூரில் மண் வெடித்திருக்கிறதா? அடிமரத்தில் பொந்து இருக்கிறதா? பட்டுப்போன கிளை கூரைக்கு மேல் தொங்குகிறதா? அப்படியென்றால் மரம் ஏறி வெட்டத் தெரிந்தவரை அழையுங்கள்.

கிளை மின்கம்பி பக்கம் இருந்தால் யாரையும் ஏறவிடாதீங்க. ஈரக்கிளையிலும் கரண்ட் பாயும். முதலில் மின்னகம் 94987 94987-க்கு போன் செய்யுங்கள். மின் ஊழியர் வந்து லைனை நிறுத்திய பிறகே வேலை.

வீடுகள் நெருங்கிய இடத்தில் அனுபவசாலி அடிமரத்தில் முதலில் கை வைக்க மாட்டார். உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கழித்து, கயிறு கட்டி இறக்குவார். அதுவரை கீழே யாரும் நிற்கக் கூடாது. முருங்கை போலச் சட்டென முறியும் மரத்திலும், உள்ளே உளுத்த மரத்திலும் ஏறவே கூடாது. ஏணி வண்டிதான் சரி.

தெருவோர மரத்தை நீங்களே வெட்டாதீங்க, அனுமதி வேண்டும். சென்னையில் 1913-ல் புகார் சொல்லலாம். பிற மாவட்டங்களில் அவசரத்துக்கு 1077.

கூலி குறையுதேன்னு இடுப்புக் கயிறும் ஹெல்மெட்டும் இல்லாதவரை ஏற்றிவிடாதீங்க. அவர் வீட்டிலும் ஆள் காத்திருப்பாங்க.