பலகை இருக்கிறது... கெஜட் இருக்கிறதா?

நகர எல்லையில் மிச்சமிருக்கும் விவசாய நிலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து முடிகிறது. மரம் வேண்டும், நல்ல காற்று வேண்டும், பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும். இதை யாரும் மறுப்பதில்லை. கைதட்டல் கிடைக்கும், நிகழ்ச்சி முடிந்துவிடும். நானும் பலமுறை அப்படித்தான் முடித்திருக்கிறேன்.

ஒருமுறை ஈப்போவில் பதிவு முடிந்து ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பார்வையாளர் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்தார். ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். "தம்பி, எல்லாம் நல்லாத்தான் பேசுனீங்க. நாங்க பந்து விளையாடுன திடல், மாடு மேய்ச்ச இடம், கோயில் முன்னாடி இருந்த நெலம் எல்லாம் எங்களுதுன்னுதான் நெனச்சோம். தோட்டத்த வித்தப்புறம்தான் அது யாரு பேர்ல இருந்துச்சுன்னு தெரிஞ்சது. பூங்கா கேக்குறவங்க மொதல்ல அதக் கேக்க வேணாமா?" என்றார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் இருந்துதான் இந்நாட்டின் ரப்பர் கதை தொடங்குகிறது. பிறகு ஈப்போ, பத்து காஜா, சுங்கை சிப்புட், கம்பார் என்று கிந்தாப் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றிலும் ஈயச் சுரங்கங்களுக்கு இடையே தோட்டங்கள் எழுந்தன. பத்து காஜா பக்கத்தில் கெல்லி கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் அருகே உள்ள மாரியம்மன் கோயிலையும் பார்த்திருப்பீர்கள். கெல்லியின் தோட்டத்தில் வேலை செய்த நம்மவர்களின் கோயில் அது. கோட்டையைச் சுற்றுலாத் தலமாக வைத்துக் காப்பாற்றினார்கள். தொழிலாளர்கள் காய்கறி போட்ட நிலத்தை அப்படி வைத்துக் காப்பாற்ற யாரும் இல்லை.

அந்தக் காய்கறி நிலம் முதலாளியின் தயவால் மட்டும் வந்ததன்று. தொழிலாளர் குடும்பங்கள் பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்று வெள்ளையர் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அந்த உரிமை வேலையோடு வந்தது, வேலையோடு போனது. கிராண்ட் கம்பெனியின் பெயரில். தோட்டம் கைமாறியதும் லயமும் திடலும் கொல்லையும் ஒரே கையெழுத்தில் போயின.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாது. 40 ஹெக்டருக்குக் குறையாத, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை நினைத்தபடி துண்டு போட்டு விற்க முடியாது. 1950-களில் தோட்டத் துண்டாடல் நம் மக்களை வீதிக்குக் கொண்டுவந்த அனுபவத்துக்குப் பிறகு, தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அது. அந்தத் துண்டாடல் காலத்தில்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கி, தொழிலாளர்களின் மாதச் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். நிலம் நம் பெயரில் இருக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு அன்றே புரிந்திருந்தது.

சரி, தோட்டம் பூங்காவாக மாறிய இடம் ஏதும் உண்டா? உண்டு. பேராக்கில் இல்லை, கோலாலம்பூரில். புக்கிட் கியாரா.

புக்கிட் கியாரா ஒரு ரப்பர் தோட்டம். 1980-களின் தொடக்கத்தில் பொதுப் பயனுக்கென்று அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய தோட்ட நிலத்தில் கோல்ப் மைதானம் வந்தது, குதிரையேற்றக் கழகம் வந்தது. பூங்காவுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். அங்கே வேலை செய்த ஏறக்குறைய 100 குடும்பங்களைத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலின் ஓரத்தில் நீண்ட வீடுகளில் குடிவைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள், நிரந்தர வீடு வரும் என்றார்கள். அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. பலகை வீட்டில் பிறந்த பிள்ளைகள் அங்கேயே பேரப்பிள்ளைகளையும் பார்த்தார்கள்.

நீண்ட வீடுகளுக்கு அருகே 25 ஏக்கரில் ரிம்பா கியாரா பூங்கா. கோலாலம்பூர் 2020 கட்டமைப்புத் திட்டத்தில் அந்த இடம் பூங்கா என்றே இருந்தது. ஆனால் நிலம் ஓர் அறநிறுவனத்தின் பெயருக்குப் போய்விட்டது. 2017 ஜூலையில், நீண்ட வீடுகள் இருந்த இடத்தையும் பூங்காவின் ஒரு பகுதியையும் சேர்த்து 12 ஏக்கரில் கட்ட மாநகராட்சி அனுமதி கொடுத்தது. 42 முதல் 54 மாடி வரை எட்டுக் கட்டடங்கள். கூடவே 29 மாடியில் 350 மலிவு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு கொடுக்கத்தான் இந்தத் திட்டமே என்று சொல்லப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 100 குடும்பங்களுக்கு வீடு கொடுக்க எட்டு வானளாவிகள் எதற்கு? ஆனாலும் அந்த வாதம் நன்றாகவே வேலை செய்தது. பூங்காவை விடக்கூடாது என்று ஒருவர் சொன்னால், 'ஏழைத் தமிழனுக்கு வீடு கிடைப்பது உனக்குப் பிடிக்கவில்லையா?' என்று கேட்டுவிடலாம். வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் பேசினால், 'பூங்காவை விற்க வந்தவர்கள்' என்று ஏசிவிடலாம். இரண்டு பக்கமும் மக்கள். நிலத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் நடுவில் வசதியாக நின்றார்கள். நம் தோட்டங்கள் எங்கே மேம்பாட்டுக்குப் போனாலும் இந்தக் கத்தி வரும் என்பதால்தான் இதை நீட்டிச் சொல்கிறேன்.

அந்த வட்டாரக் குடியிருப்பாளர்கள் 2017-இலேயே நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்து, அனுமதியை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். கட்டமைப்புத் திட்டம் என்பது விரும்பினால் பார்த்து விரும்பாவிட்டால் மூடிவைக்கும் தாள் அல்ல. அதை விட்டு விலகுவதென்றால் முறையான திட்டமிடல் காரணம் இருக்க வேண்டும், அதைச் சொல்லவும் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அனுமதி கொடுத்த மாநகர முதல்வரே நிலத்தை வைத்திருந்த அறநிறுவனத்தின் அறங்காவலர் குழுவிலும் இருந்தது நலன்முரண் என்பதும் அதில் வந்தது.

வெற்றிதான். ஆனால் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், மூன்று நீதிமன்றங்கள். வழக்கறிஞர்களைத் தெரிந்த, படித்த, வசதியான ஒரு தாமானால் அது முடிந்தது. தஞ்சோங் ரம்புத்தானிலோ செம்மோரிலோ பழைய தோட்டத்தின் விளிம்பில் நாற்பது குடும்பம் இருந்தால் அவர்களால் முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். அதனால் சண்டைக்கு முன்பே செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்பதுதான் நமக்குப் பயன்.

நிலம் மாநில அரசின் அதிகாரம். ஓரிடத்தில் 'பொதுப் பூங்கா' என்று பலகை நட்டு, ஊஞ்சல் கட்டி, யாராவது பிரமுகர் வந்து ரிப்பன் வெட்டினாலும் சட்டப்படி அது பூங்கா ஆகிவிடாது. தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்கீழ், பொது நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்ட நிலம் என்று மாநில அரசு கெஜட்டில் வெளியிட வேண்டும். எந்த நிலம், எந்த நோக்கம், எந்த அதிகாரியின் பொறுப்பு என்ற மூன்றும் அதில் இருக்கும். பிறகு அதை ரத்து செய்ய நினைத்தால் சத்தமில்லாமல் செய்ய முடியாது. 64-ஆவது பிரிவின்படி அறிவிப்பு கொடுத்து, விசாரணை வைத்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். கெஜட் இரும்புக் கோட்டை அல்ல. ஆனால் கதவைத் தட்டாமல் உள்ளே வர முடியாது, அவ்வளவுதான்.

கெஜட்டும் இல்லாமல் கிராண்டும் இல்லாமல் நிலத்தில் இருப்பவர்களின் கதை வேறு. பலரிடம் இருப்பது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அந்த உரிமம் எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31-ஆம் தேதியைத் தாண்டாது. முப்பது ஆண்டு பயிர் செய்தவருக்கும் ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டுதான்! அந்த உரிமம்கூட இல்லாதவர்களும் ஏராளம்.

ஈப்போவுக்கு வடக்கே காந்தானில் என்ன நடந்தது என்று நாம் பார்த்தோம். பல பத்தாண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வந்தவர்கள் அவர்கள். நிலமோ மாநில மேம்பாட்டுக் கழகத்தினுடையது. 2023 அக்டோபரில் மண்வாரி இயந்திரங்கள் பயிருக்குள் இறங்கின. அங்கே வரவிருந்தது ஒரு தொழில்நுட்பப் பூங்கா. அதுவும் பூங்காதான், பெயரில்! நகரத்துக்கு அருகே விளையும் கீரையும் வெள்ளரியும் அழகுச் செடிகளைவிட எந்த வகையில் குறைந்தவை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உண்மையில் விளைநிலத்தை விளைநிலமாகவே பூங்கா ஆக்க முடியும். ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரை ஒட்டி, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, பாய்ஷ் யொப்ரகாட் என்ற விவசாயப் பூங்கா இருக்கிறது. சுமார் 3,000 ஹெக்டர். 1998-இல் விவசாயிகள் சங்கமும் ஊராட்சிகளும் மாநில நிர்வாகமும் சேர்ந்து அதற்கென்று ஒரு கூட்டு அமைப்பை உண்டாக்கின. நிலம் விவசாயிகள் கையிலேயே இருக்கிறது. அவர்கள் விதைக்கிறார்கள், அறுக்கிறார்கள், விற்கிறார்கள். நகர மக்கள் வயல் ஓரத்தில் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். கட்டடம் வராதபடி திட்ட விதிகள் காக்கின்றன. அங்கே பூங்காவுக்காக விவசாயியை விரட்டவில்லை, விவசாயி இருப்பதால்தான் அது பூங்கா. ஈப்போவைச் சுற்றி மாடு வளர்க்கவும் காய்கறி போடவும் தெரிந்த முன்னாள் தோட்ட மக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு தலைமுறை கழித்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

பேராக்கில் ஒரு சாதகமும் இருக்கிறது. கோலாலம்பூருக்குத் தனித் திட்டமிடல் சட்டம். நமக்கு 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அதன் 22-ஆவது பிரிவின்படி, மேம்பாட்டுத் திட்டத்துக்கு முரணாக இருந்தால் திட்டமிடல் அனுமதி கொடுக்கவே கூடாது. ஆகவே ரஞ்சங்கான் தெம்பத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டத்தின் வரைபடத்தில் அந்த நிலம் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விவசாயம் என்றும் திறந்தவெளி என்றும் அதில் இருந்துவிட்டால், பிறகு மாற்றுவதற்குத் திட்டத்தையே திருத்த வேண்டும். வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம், குறைந்தது நான்கு வாரம் அவகாசம். நேரில் பேச வேண்டும் என்றும் கேட்கலாம். நம்மில் எத்தனை ஆலய நிர்வாகங்கள், எத்தனை பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அந்த வரைபடத்தைப் போய்ப் பார்த்திருக்கின்றன? மேம்பாட்டாளர்கள் தவறாமல் பார்க்கிறார்கள்.

எழுதிக் கொடுக்கும்போது பூங்கா வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். அங்கே குடியிருப்பவர்களின் வீட்டுக்கு எத்தனை ஏக்கர், எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அதை நாமே எழுதாவிட்டால் பிறகு வேறு யாராவது 54 மாடியோடு சேர்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். கம்பெனி தோட்டமாக இருந்தால் வீடமைப்புக்கு மாற்றும்போது திறந்தவெளிக்கென்று 10 விழுக்காடு நிலம் விடச் சொல்கிறது வழிகாட்டி விதி. அந்தப் பத்து விழுக்காடு சரிவிலும் சாக்கடை ஓரத்திலும் துண்டு துண்டாக ஒதுக்கப்படாமல், பழைய திடலும் கோயில் முகப்பும் இருந்த இடத்திலேயே ஒரே துண்டாக வர வேண்டும் என்று கேட்கலாம். அது அரசுக்கு ஒப்படைக்கப்பட்ட பிறகு கெஜட் ஆகிவிட்டதா என்று விசாரிக்கவும் வேண்டும். ஒப்படைத்துவிட்டுக் கெஜட் செய்யாமல் கிடப்பதும் உண்டு.

அந்தப் பெரியவரைப் பிறகு ஒருநாள் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். "லாட் நம்பர் தெரியுமா ஐயா?" என்று கேட்டேன். சிரித்தார். திடலுக்குக் கிழக்கே பெரிய மழைமரம், மேற்கே பழைய ஆபீஸ், தெற்கே ஆறு என்று அடையாளம் சொன்னார். நில அலுவலகத்துக்கு அது போதாது. லாட் எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டி 'சாரியான்' எடுக்கலாம், நிலம் யார் பெயரில், எந்த வகையில், என்ன நிபந்தனையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண் தெரியாதவர்கள் நில அளவைத் துறைக்குப் போய், இடத்தை வரைபடத்தில் காட்டி எண்ணைக் கேட்க வேண்டும். அவரோடு நானும் போவதாக இருக்கிறேன். மழைமரம் இன்னும் நிற்கிறதாம்.