காற்றைக் குடிக்கும் எஞ்சின் – 7: இலவச ஆக்சிஜனின் விலை

சென்ற வாரம் பார்த்த டர்போஜெட், ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தை ஒட்டித் திணறத் தொடங்கும். அந்த வேகத்தில் காற்றை அழுத்தச் சுழலும் விசிறிகளே தேவையில்லை. எஞ்சினின் வாய்க்குள் பாயும் காற்று, குறுகும் வழியில் தானே நெரிந்து அழுந்திவிடுகிறது. இதுதான் ராம்ஜெட். ஆனால் அது காற்றை ஒலிவேகத்துக்கும் கீழே தணித்த பிறகே எரிபொருளைச் சேர்க்கும். ஆறு மடங்கு வேகத்தில் பறக்கும்போது அப்படித் தணித்தால், ஒரு சொட்டு எரிபொருள் விழுவதற்கு முன்பே காற்று சுமார் 1,500 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிவிடும். அதனால் ஸ்க்ராம்ஜெட் என்ற அடுத்த வகை எஞ்சின், காற்றை அரைகுறையாகத்தான் தணிக்கிறது. எரிகலத்துக்குள்ளும் காற்று ஒலியை விஞ்சியே ஓடுகிறது. ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடிக்குள் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும். புயலில் தீக்குச்சி கிழிப்பது என்று இதைத்தான் எல்லோரும் வர்ணிக்கிறார்கள். ஆனால் அந்தத் தீக்குச்சி எப்போதோ பற்றிவிட்டது. 2002-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம், 2004-ல் நாசா, 2016-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ எனப் பலர் வானிலேயே எரித்துக் காட்டிவிட்டார்கள். இன்னும் தீராத சிக்கல், ஆற்றலின் வரவு செலவில் இருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் தீர்க்க 29 கிராம் ஹைட்ரஜன் போதும். கிடைக்கும் வெப்பம் சுமார் 3.5 மெகாஜூல். வேகம் எவ்வளவானாலும் இந்த வரவு மாறாது. ஆறு மடங்கு ஒலிவேகத்தில், அதாவது நொடிக்கு 1.8 கிலோமீட்டரில், எஞ்சினுக்குள் பாயும் அதே ஒரு கிலோ காற்றின் இயக்க ஆற்றல் 1.6 மெகாஜூல். எரிபொருள் தருவது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். எஞ்சின் தாராளமாகத் தள்ளும். நொடிக்கு 3 கிலோமீட்டரில் காற்றின் இயக்க ஆற்றல் 4.5 மெகாஜூலாகி எரிபொருளின் பங்கை மிஞ்சிவிடுகிறது. பூமியைச் சுற்றத் தேவையான 7.8 கிலோமீட்டரிலோ 30 மெகாஜூல்! உள்ளே நுழையும் காற்று அதிர்வலைகளிலும் சுவர் உராய்விலும் தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை இழந்தாலே, அங்கே எரிபொருள் தந்ததெல்லாம் ஏறக்குறைய கரைந்துவிடும். நுழையும் காற்றின் உந்தம், வெளியேறும் காற்றின் உந்தம் என்ற இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலுள்ள சின்ன வித்தியாசம்தான் உந்துவிசை. வேகம் கூடக் கூட அந்த வித்தியாசம் மெலிகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு கிலோ ஆக்சிஜனோடும் மூன்று கிலோவுக்கு மேல் நைட்ரஜனையும் விழுங்கித் துப்ப வேண்டும்.

ராக்கெட் சுமப்பதில் பெரும்பகுதி ஆக்சிஜன்தானே, அதை மிச்சப்படுத்தினால் லாபமில்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் வெளித்தொட்டியில் 106 டன் ஹைட்ரஜனுக்கு 630 டன் அளவு திரவ ஆக்சிஜன் இருந்தது. ஆனால் இந்த ஆக்சிஜன் மலிவானது, தண்ணீரைவிட அடர்த்தியானது; எடைக்கு ஏற்ற பெரிய தொட்டியும் கேட்பதில்லை. அந்தத் தொட்டியில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டது ஹைட்ரஜன்தான். ஸ்க்ராம்ஜெட்டுக்கும் அதே ஹைட்ரஜன் வேண்டும். மேலும், ராக்கெட் இரண்டு மூன்று நிமிடங்களில் அடர்ந்த காற்றைக் கடந்து தப்பிவிடும். காற்றை உண்ணும் வாகனமோ வேகம் பிடிக்கும் நேரமெல்லாம் அந்தக் காற்றுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்க வேண்டும். ஓடுபாதையிலிருந்து நேரே சுற்றுப்பாதைக்கு என்று 1986-ல் அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்த எக்ஸ்-30 திட்டம், ஒரு விமானம்கூடப் பறக்காமல் 1993-ல் மூடப்பட்டது. எட்டு மடங்கு வேகம் வரை மட்டும் ஸ்க்ராம்ஜெட், பிறகு ராக்கெட் என்று பிரித்துக்கொண்டால் என்ன? ஆற்றல் கணக்கு இடிக்காதுதான். ஆனால் நின்ற இடத்திலிருந்து ஸ்க்ராம்ஜெட் கிளம்பாது. அதை ஓட்டத்துக்குக் கொண்டுவர முதலில் வேறொரு எஞ்சின் வேண்டும். அதன் எடையையும் சேர்த்தால் மிச்சம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது.

காற்றுக்குள்ளேயே நெடுந்தூரம் ஓட வேண்டிய ஏவுகணை போன்ற வாகனத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஐந்தாறு மடங்கு வேகத்தில் வரவு தாராளம். ராக்கெட்டைவிட ஒரு கிலோ எரிபொருளுக்குப் பல மடங்கு உந்துதல். அங்கே எஞ்சியிருக்கும் எதிரி வெப்பம். அமெரிக்காவின் எக்ஸ்-51ஏ சோதனை வாகனம், எரிபொருளையே எஞ்சின் சுவருக்குள் ஓடவிட்டுக் குளிர்வித்து, 2013 மே 1 அன்று சுமார் 210 நொடிகள் தன் ஸ்க்ராம்ஜெட்டை எரியவிட்டது. ஹைதராபாத்தில் 2025 ஏப்ரலில் ஒரு ஸ்க்ராம்ஜெட் எரிகலத்தைத் தரைச் சோதனையில் 1,000 நொடிகளுக்கு மேல் எரியவிட்டவர்களும் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஏவுகணை ஆய்வுக்கூடத்தினர்தான்.