தறி வீட்டின் மேற்குச் சுவர்

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் சுவரும் ஒரு நெசவுக் கருவிதான். அறை சூடேறி ஈரப்பதம் குறைந்தால் பட்டிழை விறைத்துப் பாவு அறுபடும். சேலைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு, அறுந்த இழையைப் பிணைக்கும் நேரம் இழப்பே.

அங்கே நான் கண்ட பழைய வீடொன்றில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்த ஒன்பது அங்குலச் சுவர். சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும். பக்கத்திலேயே கட்டிய புதிய அறைக்கு நான்கரை அங்குலச் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் கூரை. பிற்பகலில் அதன் மேற்குச் சுவர் உட்புறமும் சுட்டது. தறி இன்னும் பழைய அறையில்தான் இருக்கிறது.

செங்கல் அடுக்குவதில் பல கட்டுகள் உண்டு. ஒரு வரி நீளவாக்கிலும் அடுத்தது குறுக்காகவும் வைப்பது இங்கிலீஷ் கட்டு. ஒரே வரியில் இரண்டும் மாறிமாறி வருவது பிளெமிஷ் கட்டு. எதுவானாலும் அடுத்தடுத்த வரிகளின் இணைப்புகள் நேர்க்கோட்டில் அமையக் கூடாது; அமைந்தால் விரிசல் அவ்வழியே இறங்கும்.

கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கற்கள் படுப்பதில்லை, விளிம்பில் நிற்கின்றன. அதே ஒன்பது அங்குலத்துக்குள் அடைபடும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. செங்கல்லும் ஏறத்தாழ 25 விழுக்காடு மிச்சமாகிறது. ஆனால், கற்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். மூலைகளையும் ஜன்னல் ஓரங்களையும் இடைவெளியின்றி நிரப்பத் தெரிந்த கொத்தனார் வேண்டும். கூரைவழி இறங்கும் வெப்பம் தனிக் கணக்கு. நெசவாளர் வீட்டு வரைபடங்களில், தறி அறையின் மேற்குச் சுவருக்காவது இக்கட்டைச் சேர்க்கலாம் என்பேன்.