அலுவலகமாயிருந்த வீடுகள்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில், தென்முனையில் பங்குச் சந்தையையும் வால் ஸ்ட்ரீட்டையும் சுற்றி அமைந்த நிதி வட்டாரம், காலையில் நிரம்பி மாலையில் வெறிச்சோடும் இடமாகவே நெடுங்காலம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அலுவலகத் தளங்கள் பெருமளவில் காலியாகக் கிடந்ததால், பழைய அலுவலகக் கட்டடங்களைக் குடியிருப்பாக மாற்றுவோருக்கு 421-ஜி என்னும் வரிச்சலுகை 1995இல் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து தொடங்கிய மாற்றத்தின் விளைவாக, இன்று இங்கே வீடு தேடுபவர் பல இடங்களில் முன்பு அலுவலகமாயிருந்த ஒரு தளத்தையே பார்க்கிறார். ஆகவே விளம்பரத்தில் காட்டப்படும் ஆற்றுக் காட்சியில் மயங்குவதற்கு முன், அந்தக் கட்டடம் எந்தக் காலத்தில், எதற்காகக் கட்டப்பட்டது என்று விசாரிப்பதே முறையாகும்.

குளிர்சாதன வசதியும் குழல்விளக்கும் பரவாத காலத்தில் அலுவலக ஊழியருக்கு வெளிச்சமும் காற்றும் ஜன்னல் வழியாகவே வரவேண்டியிருந்தது. 1932இல் முடிந்த 70 பைன் ஸ்ட்ரீட் போன்ற கோபுரங்கள் உயர உயர ஒடுங்கி நிற்கின்றன. அவற்றின் மேல்தளங்களில் ஜன்னலைவிட்டு வெகுதூரம் விலகிய மூலை குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த கட்டடங்களோ, செயற்கை ஒளியையும் குளிரூட்டலையும் நம்பி அகலமான தளங்களோடு அமைந்தவை. அத்தகைய ஒன்றான 25 வாட்டர் ஸ்ட்ரீட்டைச் சுமார் 1,300 வீடுகளாக மாற்றியபோது, உட்பகுதிக்கு வெளிச்சம் கிடைப்பதற்காகக் கட்டடத்தின் நடுவிலேயே திறந்த முற்றங்களை வெட்ட வேண்டியிருந்தது.

முற்றம் வெட்டாத இடங்களில் இந்த வெளிச்சக் குறை வீட்டு வரைபடத்தில் வேறு பெயரில் ஒளிந்திருக்கும். நியூயார்க்கில் ஜன்னலற்ற அறையைப் படுக்கையறை என்று சொல்லச் சட்டம் இடந்தராது என்பதால், கதவும் அலமாரியும் கட்டில் போடுமளவு இடமும் உள்ள அறை ஒன்று "வீட்டு அலுவலகம்" என்று குறிக்கப்பட்டிருக்கும். பகலிலும் விளக்கெரிய வேண்டிய அந்த அறையில் ஒருவரைத் தங்கவைத்து வாடகையைப் பகிரலாம் என்று கணக்கிடுவது தவறு. வரைபடத்தில் அறைகளை எண்ணுவதைவிட ஜன்னல்களை எண்ணுவதே பயன்தரும்.

விலைக்கு வாங்குவோர் நிலம் யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். மேற்குப் பக்கம் ஹட்சன் ஆற்றைத் தூர்த்து உருவாக்கிய பேட்டரி பார்க் சிட்டியில் நிலம் ஒரு பொது ஆணையத்துக்குச் சொந்தமாகையால், வீட்டை வாங்கியவரும் மாதாந்தரக் கட்டணத்தோடு நிலவாடகையையும் சுமக்கிறார்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது தண்ணீர். பதினேழாம் நூற்றாண்டில் தீவின் கிழக்குக் கரை இன்றைய பேர்ல் ஸ்ட்ரீட்டை ஒட்டியே இருந்தது. அதற்கப்பால் உள்ள வாட்டர், ஃபிரண்ட், சவுத் ஸ்ட்ரீட்டுகள் அந்தப் பக்க ஆற்றைத் தூர்த்து எழுந்தவை. 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் கடலை உள்ளே தள்ளியபோது, தாழ்வான இந்தப் பகுதிக்கு நீர் திரும்பி வந்தது. நகரின் கிழக்குப் பதினான்காம் தெருவருகே ஒரு துணைமின்நிலையத்தில் வெடிப்பு நிகழ்ந்ததால் தென் மன்ஹாட்டன் பல நாள் இருண்டது. மின்சாரம் திரும்பிய பிறகும், மின்பலகைகளும் கொதிகலன்களும் அடித்தளத்தில் மூழ்கியிருந்த கட்டடங்களுக்குக் குடியிருந்தோரால் வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் திரும்ப முடியவில்லை. இருபதாம் மாடியில் ஒரு துளி நீரும் படாத வீடும் இவ்வாறே வாழத் தகுதியற்றதாயிற்று.

கட்டடம் வெள்ள அபாயப் பகுதியில் உள்ளதா, முன்பு வெள்ளச் சேதம் கண்டதா என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே வீட்டுக்காரர் எழுதித்தர வேண்டும் என்று 2023 முதல் நியூயார்க் மாநிலச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால் மின்சாதனங்கள் அடித்தளத்திலிருந்து மேலே மாற்றப்பட்டனவா என்பதை அந்த வரிகள் சொல்வதில்லை. அதைக் கட்டட மேலாளரிடம் நேரடியாகக் கேட்டு, இயன்றால் மின்சாதனங்கள் உள்ள அறையையே பார்த்துவிடுவது நல்லது.